ஹெரால்டுக்குப் பின்னால் நிற்கிறவள்

— இப்பப் பாருங்க மாமி. பிரேக்கைச் சவுட்டியிருக்கேன். எரியுதா?

— இல்லை யோசுவா. எரியலை.

— ரெண்டு பக்கமுமா?

— ரெண்டு பக்கமும்தான்.

— நல்லாக் குனிஞ்சு பாத்தியளா? இந்த ஷெட்டு வெளிச்சத்துல செவப்பு மங்கலாத்தான் தெரியும்.

— காருக்குப் பின்னாடி நின்னுண்டு விளக்குப் பாக்கறது எனக்குப் புதுசு இல்லை, கேட்டேளா? இந்த ஹெரால்டு ஆத்துக்கு வந்த நாள்லேந்து அதுதான் என் உத்தியோகம். எரியலைன்னா எரியலை.

— கோவிக்காதீங்க. எனக்குத்தான் தலை சுத்துது. ஹெட்லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது, இண்டிகேட்டரு ரெண்டும் மின்னுது. டாஷ்போர்டுல இருந்து டிக்கி வரைக்கும் பழைய வயரு ஒரு துண்டு பாக்கியில்லாம உருவிப் போட்டுட்டு, புது செட்டு இழுத்தாச்சு. இந்த ஒரு பிரேக் லைட்டு மட்டும் என்னத்துக்கு இப்பிடி அடம்பிடிக்குது?

— பழைய வண்டி. அதுக்கும் ஒரு சுபாவம் இருக்குமே.

— வண்டிதான் பழசு. வயரெல்லாம் இந்த வாரம் வாங்கினது. அதுக்குள்ள அதுக்கு என்ன சுபாவம்?

— யோசுவா, இன்னிக்கு இவ்வளவு போரும். விளக்கு வெக்கற நேரமாச்சு. மழை வேற கட்டிண்டு நிக்கறது. பாறசாலை வரைக்கும் பைக்குல போகணும் நீங்க. காலம்பற வந்து பாத்துக்கலாம்.

— காலைல எங்க பாக்க? வண்டியை வாங்குற திருச்சூர்க்காரங்க லாரி வெளுக்கும்போதே வந்துரும்னு ஆதிரா பாப்பா சொல்லிச்சு. இன்னைக்கு மட்டும் ரெண்டு தடவை பெங்களூருல இருந்து விளிச்சிட்டு. "அண்ணே, வண்டியை ஓடுற பருவத்துல குடுத்துரணும். வண்டி போனாத்தான் அம்மா அந்த வீட்டை விட்டு எங்கூட வருவா"ன்னு.

— அவளுக்கு எல்லாத்துக்கும் அவசரம். பொறந்ததும் அவசரமாத்தான். இதே வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே வரப் பார்த்தா.

— இப்ப பல்பைக் கழத்தி இன்னொண்ணு போட்டாச்சு. ஹோல்டரையும் சுரண்டியாச்சு. சவுட்டுதேன். எரியுதா?

— எரியலை.

— என் ஆயுசுல இப்பிடி ஒரு வண்டி பாத்ததில்லை. எனக்கு முன்னால ஆரியசாலையில இருந்து ஒருத்தரு வந்தாருன்னு பாப்பா சொல்லிச்சே, அவரு என்ன செஞ்சாரு?

— பிச்சையாவா? ஒரு நாள் வந்தார். சாயங்காலம் கொஞ்சம் நேரமாயிடுத்து. டூல்ஸ் பெட்டியைக்கூட எடுக்காம போனார். அப்புறம் விளிச்சா ஃபோன் எடுக்கறதில்லை.

— அதென்ன, பெட்டியைப் போட்டுட்டா?

— அதோ மூலையில இருக்கே, அதுதான். வந்து எடுத்துப்பார்னு தொடாம வெச்சிருக்கேன்.

— மாமி, எனக்கு ஒரு சந்தேகம்.

— கேளுங்கோ.

— நான் சவுட்டும்போதெல்லாம் மீட்டருல கரண்டு ஓடுறது தெரியுது. பல்பு எரியலேன்னா அந்தக் கரண்டு எங்க போவுது?

— எனக்கென்ன தெரியும்? நான் ஸ்கூல்ல சமஸ்கிருதம் சொல்லிக் குடுத்தவள்.

— இவ்வளவு நேரமும் தலையை டாஷ்போர்டுக்கு அடியில விட்டு, கையால பெடலை அமுக்கிட்டுக் கெடந்தேன். இப்ப நிமிந்து சீட்டுல உக்காந்திருக்கேன். நடுக்கண்ணாடியில ஒங்களுக்குப் பின்னால உள்ள சுவரு தெரியுது. சவுட்டுதேன். எரியுதா?

— இல்லை.

— சுவரு செவந்து கெடக்கு மாமி. ஒங்க புடவையும் செவந்து கெடக்கு. மத்தியானம் சாப்பிட்ட கையோட குனிஞ்சவன் நான். எரியுற விளக்கை எரியலேன்னு எத்தனை தடவை சொல்லிட்டிய! வண்டியைக் குடுக்க மனசில்லேன்னா பாப்பாகிட்டச் சொல்லணும். என்னைப் போட்டு உருட்டி என்ன காரியம்?

— வண்டி எனக்கு வேண்டாம் யோசுவா. இரும்பு. எடுத்துண்டு போகட்டும். அதுக்குள்ள இருக்கறவர்தான்…

— அதுக்குள்ள இருக்கது நானாக்கும்.

— நீங்க சாயங்காலம் ஆனா போயிடறேள். அப்புறம் இருக்கறவரைச் சொல்றேன்.

— ஆரு?

— எங்காத்துக்காரர்.

— வெங்கடேஸ்வரன் சாரு போன துலாம் மாசத்துல இறந்துட்டாருன்னுலா பாப்பா சொல்லிச்சு?

— ஆமாம். இந்த வண்டியிலதான். டாஷ்போர்டுக்கு அடியில, இப்ப நீங்க படுத்திருந்தேளே, அதே மாதிரி தலையை உள்ள விட்டுண்டு.

— கர்த்தாவே! இதை ஏன் முதல்லயே சொல்லலை?

— சொல்லியிருந்தா வந்திருப்பேளா? வயரிங்கை மாத்தணும்னு அவரே ஆரம்பிச்சது. காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆன மனுஷர், கையைக் கட்டிண்டு உக்காருவாரா? அவர் உள்ள, நான் பின்னாடி. "நீலா, எரியறதா?"ன்னு கேப்பார். நான் பதில் சொல்லணும். அடுப்புல எது இருந்தாலும் சரி, வந்து நிக்கணும். அன்னிக்கு நெஜமாவே எரியலை. எரியலைன்னேன். "நில்லு, இன்னொரு தடவை பாக்கறேன்"னார். நின்னேன். வேலை பண்றார், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நின்னுண்டே இருந்தேன். இருட்டிப் போயிடுத்து. அவர் கேக்கவே இல்லை.

— அழாதீங்க மாமி.

— அழறதெல்லாம் அப்பவே அழுதாச்சு. காரியமெல்லாம் முடிஞ்சு, வந்தவா எல்லாரும் கெளம்பிப் போனா. ஆதிராவும் போனா. வீடு ஓன்னு கெடந்தது. சாயங்காலம் விளக்கேத்திட்டு, போக வேற எடம் தோணாம இங்க வந்து பின்னாடி நின்னேன். சும்மா, பழக்க தோஷம். ஸ்ரீவராகம் குளத்துப் பக்கத்துலேந்து காத்து அடிச்சுண்டிருந்தது. அப்போ உள்ள பெடல் அமுங்கற சத்தம் கேட்டது. "நீலா, எரியறதா?"ன்னார்.

— சாரா?

— வேற யார் என்னை நீலான்னு கூப்பிடப் போறா? நீலாம்பாள்னு பேர் வெச்சவாளே போய்ச் சேர்ந்தாச்சு.

— அப்ப லைட்டு?

— எரிஞ்சது. ரெண்டும் செக்கச்செவேல்னு எரிஞ்சது.

— அது நடக்காது. நான் வந்த அன்னைக்கு இந்த வண்டியில இருந்த பாட்டரி உப்புப் பூத்துச் செத்துக் கெடந்தது. நானே கழத்தி வெளிய வச்சேன். புதுசை இன்னைக்குக் காலைலதான் மாட்டினேன்.

— நடுவுல பாட்டரியே இல்லாத நாள்லயும் எரிஞ்சது யோசுவா. நேத்திக்கும் எரிஞ்சது. நீங்க போனப்பறம். பயந்துட்டேளா?

— நீங்க அவருக்கு என்ன பதில் சொன்னிய?

— எரியலைன்னு சொன்னேன்.

— எரிஞ்சுதுன்னு இப்பத்தானே சொன்னிய?

— எரியறதுன்னு சொன்னா, வேலை முடிஞ்சுதுன்னு கையைத் துடைச்சுண்டு எழுந்து போயிடுவாரே! பாதி வேலையில எழுந்திருக்கற மனுஷர் இல்லை அவர். கல்யாணத்துக்கே ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு, அதை மூடிட்டுத்தான் வந்தார். எரியலைன்னு சொன்னா, "நில்லு, இன்னொரு தடவை பாக்கறேன்"பார். மறுநாள் வருவார். தினமும் கேக்கறார். தினமும் நான் இல்லைங்கறேன். அதுக்கு மேல ஒரு பேச்சும் கிடையாது. ஆதிரா விளிச்சா, இங்க மழை பெஞ்சதுன்னு நான் என்னென்னமோ சொல்லிப் பாக்கறேன், வாயே திறக்க மாட்டார். அந்த ஒரு கேள்விதான். எனக்கு அது போரும்.

— மாமி, நான் வேதக்காரன். இதெல்லாம் நம்பப்பிடாது. வேலைக்கு உக்காரும்போது ஜெபம் பண்ணிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவேன். ஆனாலும் ஒரு காரியம் கேக்கணும். கேக்கட்டா?

— கேளுங்கோ.

— நான் நேத்து போவும்போது டாஷ்போர்டுக்கு அடியில வயரெல்லாம் அவுந்து தொங்கிட்டுக் கெடந்தது. காலைல வந்து பாக்கேன், ஒண்ணா அடுக்கி நூலு போட்டுக் கெட்டி வச்சிருக்கு. நான் டேப்பு சுத்துறவன். நூலு கெட்டுற பழக்கம் எனக்குக் கிடையாது. வந்த மறுநாள்ல இருந்தே இப்பிடித்தான். வீட்டுல பொழுது போகாம நீங்க கெட்டுதியளாக்கும்னு நினைச்சு, கேக்காம விட்டேன்.

— நானா? இந்த முட்டியை வெச்சுண்டு நான் அதுக்கு அடியில நுழைவேனா?

— அப்ப அது ஆரு?

— எப்படிக் கட்டியிருக்கு? சொல்லுங்கோ.

— மூணு இழை சேத்து முறுக்கின நூலு. முடிச்சு ஒரு மாதிரியா இருக்கு. சுத்திச் சுத்தி உள்ள போவுது, தலைப்பு எங்க இருக்குன்னே தெரியலை. நான் அவுக்கப் பாத்தேன். நகம் பேந்ததுதான் மிச்சம்.

— பூணூல் முடிச்சு.

— என்னது?

— ஆவணி அவிட்டத்துக்கு எல்லாரும் கடையில வாங்குவா. அவர் மட்டும் தன் கையாலயே முறுக்கி முடிஞ்சுப்பார். வயரைக் கட்டறதுக்கும் அந்த முடிச்சுதான். "இதுதான் அவுராது நீலா"ம்பார். தெய்வ காரியத்துக்கு உள்ளதைக் கொண்டுபோய்க் காருக்குப் போடறேளேன்னு நான் திட்டாத நாள் இல்லை.

— நான் எறங்குதேன்.

— பேடிக்காதீங்கோ. அவர் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டார். ஒங்க வேலை அவருக்குப் பிடிச்சிருக்கு, அதான் கட்டி வெச்சிருக்கார். பிடிக்கலைன்னா அறுத்துப் போட்டிருப்பார். பிச்சையாவோடதை அறுத்துத்தான் போட்டார்.

— அந்த சர்ட்டிபிகேட்டு எனக்கு வேண்டாம் மாமி. இந்தா, எறங்கியாச்சு. கதவையும் சாத்தியாச்சு.

— யோசுவா, ஒங்களை நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த பிரேக் வயரை மட்டும் கழத்தி விட்டுடுங்கோ. வேலை முடியலை, பார்ட்டு கிடைக்கலைன்னு ஆதிராகிட்டச் சொல்லுங்கோ. லாரி திரும்பிப் போகட்டும்.

— இந்தத் தடவை திரும்பிப் போவும். அடுத்த வாரம் வேற லாரி வரும். ஓடாத வண்டியானாலும் போதும்னு தூக்கிட்டுப் போயிருவாங்க, அந்தத் திருச்சூர்க்காரரு அவ்வளவு ஆசையா இருக்காரு. அப்ப என்ன செய்விய? வண்டி அங்க போவுது. சாரும் அதுக்குள்ளயே போறாருன்னு வைங்க. அங்க ஒரு ஷெட்டுல நிறுத்துவாங்க. சாயங்காலம் ஆனா அவரு கேப்பாரு. ஆரு பதில் சொல்லுவா?

— அதை நான் யோசிக்கலையே.

— பின்னால ஆருமே இருக்க மாட்டா. அவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு.

— ஐயோ. அதை நான் யோசிக்கவே இல்லையே யோசுவா.

— இன்னொண்ணும் சொல்லுதேன். சாருக்கு இடுப்பு வலி உண்டுமா?

— உண்டு. பெல்ட்டு போட்டுண்டுதான் குனிவார். ராத்திரி நான்தான் தைலம் தேய்ச்சு விடுவேன்.

— நான் ஒரு வாரம் அதுக்குள்ள கெடந்ததுக்கே நிமிர முடியலை. அவரு துலாத்துல இருந்து கெடக்காரு. இப்ப ஏழு மாசம் கழிஞ்சு இடவப்பாதி மழையே வந்தாச்சு. நீங்க இல்லேன்னு சொல்லச் சொல்ல, மறுபடியும் குனிஞ்சு தேடுதாரு. இல்லாத தப்பைத் தேடிக்கிட்டே கெடக்காரு மாமி, பாவம்.

— போரும். நிறுத்துங்கோ.

— நோகணும்னு சொல்லலை.

— நொந்தா நோகட்டும். ஒரு குரல் வேணும்னு நான் என் சௌகரியத்தைப் பார்த்தேன். அவர் இடுப்பை நான் நினைச்சுப் பாக்கவே இல்லை. உயிரோட இருந்தப்போ, அஞ்சு நிமிஷம் கூடக் குனிஞ்சா "எழுந்திருங்கோ, எழுந்திருங்கோ"ன்னு கத்தினவள் நான்.

— அப்ப இன்னைக்கு சொல்லிருங்க. எரியுதுன்னு சொல்லி அவரை எழுப்பி விட்டுருங்க.

— என் வாயால வராது. இன்னிக்குச் சொல்லிடறதுன்னு சுவாமி முன்னாடி சொல்லிட்டு வந்து எத்தனையோ நாள் நின்னிருக்கேன். அவர் குரலைக் கேட்டதும் எரியலைன்னுதான் வரது.

— அப்பிடியானா ஒண்ணு செய்யலாம். நான் பின்னால நிக்கேன். நீங்க வந்து சீட்டுல உக்காந்து பிரேக்கைச் சவுட்டுங்க. அவரு எடத்துல இருந்து நீங்க கேளுங்க. நான் எரியுதுன்னு சத்தமாச் சொல்லுதேன். அவரு காதுல விழுந்தாப் போதும்லா? நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்.

— நீங்க சொன்னா அவர் ஒத்துக்கணுமே.

— வயரு இழுத்தவன் நானாக்கும். அவரே நூலு கெட்டித் தந்திருக்காரு. என் சொல்லு எடுப்பாரு.

— ஒங்களுக்குப் பயமா இல்லையா?

— பயம் இல்லாம என்ன? இருந்தாலும் இப்பிடி விட்டுட்டுப் போனா எனக்கு ராத்திரி உறக்கம் வராது. வாங்க. தரை நனைஞ்சு கெடக்கு, என் கையைப் பிடிச்சுக்கிடுங்க. குனிஞ்சு ஏறுங்க, தலை இடிக்கும்.

— இந்த சீட்டுல நான் உக்காந்ததே இல்லை. எப்பவும் எடது பக்கம்தான்.

— காலை நீட்டுங்க. நடுவுல உள்ள பெடலு. கிட்டுதா?

— கிட்டறது. சில்லுனு இருக்கு. கால்கிட்ட இது என்ன யோசுவா?

— ஒண்ணும் இல்லையே. டூல்ஸெல்லாம் நான் வெளிய எடுத்தாச்சு.

— இல்லை, ஏதோ நகந்தது… சரி, போகட்டும். நீங்க பின்னாடி போங்கோ.

— வந்தாச்சு மாமி! மழை கூடிட்டு, சத்தமாக் கேளுங்க. எடது இண்டிகேட்டரு போடுங்க.

— போட்டேன். எரியறதா?

— எரியுது மாமி!

— வலது. எரியறதா?

— எரியுது மாமி! இனி பிரேக்கு. பதறாதீங்க, நேரமெடுத்துச் சவுட்டுங்க.

— கொஞ்சம் இருங்கோ. புடவையை ஒதுக்கிக்கறேன்.

— மெதுவாச் செய்யுங்க.

— யோசுவா, அமுக்கிட்டேன். எரியறதா?

— …

— யோசுவா, மழையில கேக்கறதோ? பிரேக்கை அமுக்கியிருக்கேன். எரியறதா?

— எரியறது, நீலா.

— …

— நன்னா எரியறது. ரெண்டும். காலை எடு, முட்டி பிடிச்சுக்கும் ஒனக்கு.

— நீங்களா? நீங்க… பின்னாடியா நிக்கறேள்?

— கண்ணாடியில பாக்காதே. முன்னாடி பாத்துண்டே இரு.

— இங்க அடியில கெடக்கறேளேன்னு நினைச்சேன். இடுப்பு வலியோட, என்னாலதான்…

— நான் அன்னிக்கே எழுந்தாச்சு. நீதான் பின்னாடி நின்னுண்டே இருந்தே.

— அப்போ தினமும் கேட்டேளே?

— தினமும் வந்து நின்னியே. இப்படித் தனியா நிக்கறயேன்னு கேட்டேன்.

— நான் சொன்னது பொய்னு ஒங்களுக்குத் தெரியுமா?

— எரிய வெச்சதே நான்தானே, அசடு. போரும் நீலா. இனிமே பின்னாடி யாரும் நிக்க வேண்டாம். ஆதிராவோட போ.

— மாமி! மாமி! மன்னிக்கணும்! நீங்க மெதுவாச் சவுட்டுங்கன்னு சொல்லி வாய மூடல, வீட்டுல இருந்து ஃபோன் வந்துட்டு. மழையில ஒண்ணும் கேக்கலைன்னு தெரு வரைக்கும் போயிட்டேன். பாவம், இவ்வளவு நேரமும் தனியா உக்காத்தி வச்சுட்டேன். இந்தா, பின்னால போறேன். இப்பச் சவுட்டுங்க, எரியுதான்னு பாக்கேன்.

— வேண்டாம் யோசுவா. பாத்தாச்சு.